புதிய எண் 14, பழைய எண் 27: வெளிநாட்டு வங்கிக் கணக்கும் நம் காகிதங்களும்

அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் பட்டறை நடத்தும் நண்பர் ஒருவர் சிங்கப்பூரில் ஒரு கம்பெனி தொடங்கினார். அவருடைய பெரிய வாடிக்கையாளர் அங்கே இருக்கிறார், அங்கேயே பில் போட்டால் வசதி என்கிறார், அதுதான் காரணம். கம்பெனிப் பதிவு ஒரே நாளில் முடிந்தது. அந்தக் கம்பெனிக்கு வங்கிக் கணக்குத் திறக்க நான்கு மாதம் பிடித்தது. இத்தனைக்கும் வங்கி அனுப்பிய பட்டியலில் இருந்த காகிதங்கள் அத்தனையும் முதல் வாரமே அவர் கையில் இருந்தன.

சிக்கல் கதவு எண்ணில் இருந்தது. பாஸ்போர்ட்டில் அவர் வீடு புதிய எண் 14. ஈபி பில்லில் 27. பேங்க் ஸ்டேட்மெண்டில் 14/27. சென்னையில் தபால்காரரிலிருந்து சாப்பாடு கொண்டுவரும் பையன் வரை யாருக்கும் இதில் சந்தேகம் வராது. மாநகராட்சி எப்போதோ எண்ணை மாற்றியது, பழையதும் புதியதும் ஒரே கேட்டில் பக்கத்துப் பக்கத்தில் தொங்குகின்றன. சிங்கப்பூரில் உட்கார்ந்து பைலைப் புரட்டும் அதிகாரிக்கு அவை மூன்று வீடுகள். போதாக்குறைக்கு ஈபி இணைப்பு காலமான அப்பாவின் பெயரில்.

வெளிநாட்டில் பிசினஸ் அக்கவுண்ட் திறக்க என்னென்ன டாக்குமெண்ட் வேண்டும் என்று கேட்கிறவர்களிடம் பட்டியலை ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடலாம். ஆனால் நான் பார்த்தவரை, காகிதம் குறைந்து திரும்பி வந்த விண்ணப்பங்களைவிட, காகிதங்கள் ஒன்றோடொன்று ஒத்துப் போகாமல் திரும்பி வந்தவைதான் அதிகம். அதனால் இந்தக் கட்டுரையில் பட்டியலுக்குக் கொஞ்ச இடமும் அந்த ஒத்துப் போகாமைக்கு நிறைய இடமும்.

வங்கி ஏன் இவ்வளவு பிடிவாதமாக இருக்கிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம். 1989-ல் பாரிஸில் கூடிய ஜி-7 மாநாட்டில் எஃப்ஏடிஎஃப் என்ற பன்னாட்டு அமைப்பு உருவானது. கறுப்புப் பணம் வங்கிக்குள் நுழைந்து வெள்ளையாக வெளியே வருவதைத் தடுப்பது அதன் வேலை. 2010-ல் இந்தியாவும் அதில் முழு உறுப்பினர் ஆனது. அது வகுத்த விதிகளைத்தான் ஒவ்வொரு நாடும் தன் சட்டமாக எழுதிக்கொள்கிறது. ஒரு நாடு சரியாகச் செய்யவில்லை என்றால் அதைச் 'சாம்பல் பட்டியலில்' போட்டுவிடுவார்கள். ஐக்கிய அரபு அமீரகம் 2022 மார்ச்சிலிருந்து 2024 பிப்ரவரி வரை அந்தப் பட்டியலில் இருந்தது. சிங்கப்பூருக்கு வேறு மாதிரி அடி விழுந்தது. 2023 ஆகஸ்டில் அங்கே கறுப்புப் பணத்தை வெள்ளையாக்கிய புகாரில் ஒரே நாளில் 10 வெளிநாட்டவர்களைப் போலீஸ் கைது செய்தது. அந்த வழக்கில் முடக்கியும் பறிமுதல் செய்தும் கைப்பற்றிய சொத்து 300 கோடி சிங்கப்பூர் டாலரைத் தாண்டியது. அந்தப் பணம் ஊரறிந்த வங்கிகள் வழியாகத்தான் ஓடியிருந்தது. 2025 ஜூலையில் சிங்கப்பூர் நாணய ஆணையம் அதற்காக 9 நிதி நிறுவனங்களுக்கு மொத்தம் 2.745 கோடி சிங்கப்பூர் டாலர் அபராதம் போட்டது. ஆகவே கவுண்டருக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கு நம்மேல் தனிப்பட்ட கோபம் எதுவும் கிடையாது. தன் வேலை போய்விடக்கூடாது என்ற பயம் இருக்கிறது.

அந்தப் பயத்தோடு அவர் கேட்பவை நான்கு கேள்விகள். நீ யார்? இந்தக் கம்பெனி உண்மையில் யாருடையது? பணம் எங்கிருந்து வருகிறது? எங்கள் ஊரில் உனக்கு என்ன வேலை? பட்டியலில் எத்தனை காகிதம் இருந்தாலும் ஒவ்வொன்றும் இந்த நான்கில் ஒன்றுக்கான பதில்தான். எந்தக் காகிதம் எந்தக் கேள்விக்கு என்று புரிந்துவிட்டால், இது இல்லை, பதிலுக்கு அது கொடுக்கலாமா என்று நாமே யோசிக்க முடியும்.

சரி, பட்டியல். சிங்கப்பூரை எடுத்துக்கொண்டால், கம்பெனிப் பதிவு ஆணையமான அக்ராவிடமிருந்து வாங்கிய பிசினஸ் புரொபைல், கம்பெனியின் விதிமுறை ஆவணம், கணக்குத் திறக்கவும் இன்னார் கையெழுத்திடவும் அனுமதிக்கும் போர்டு ரெசல்யூஷன், இயக்குநர்கள், கையெழுத்துப் போடுபவர்கள், 25 சதவீதத்துக்கு மேல் பங்கு வைத்திருப்பவர்கள் ஆகிய எல்லோருடைய பாஸ்போர்ட்டும் முகவரிச் சான்றும். இந்த 25 சதவீதக் கோட்டை அமெரிக்கா, பிரிட்டன், அமீரகம் எனப் பல நாடுகளிலும் பார்க்கலாம். சந்தேகம் வந்தால் அதற்குக் கீழே இருப்பவர்களையும் வங்கி கேட்கும். பங்குதாரராக ஒரு சென்னைக் கம்பெனி இருந்தால், அதன் பதிவுச் சான்றிதழ், அதன் நோக்கத்தையும் விதிகளையும் சொல்லும் மெமோராண்டம், ஆர்ட்டிகிள்ஸ், இயக்குநர் பட்டியல், ஆடிட்டர் சான்றளித்த பங்குதாரர் பட்டியல், இரண்டு வருட பேலன்ஸ் ஷீட், ஆறு மாத பேங்க் ஸ்டேட்மெண்ட். இவற்றோடு யார் யாருக்கு எத்தனை பங்கு, கடைசியில் அது எந்த மனிதரிடம் போய் நிற்கிறது என்று கோடு போட்டுக் காட்டும் ஒரு படம். அந்தப் படத்தை ஒரே பக்கத்தில் தெளிவாக வரைந்து ஆடிட்டரிடம் கையெழுத்து வாங்கிக் கொடுத்துவிட்டால் பாதிக் கேள்விகள் வராது.

இதில் இரண்டு காகிதங்கள் நம் ஊரில் எல்லோரையும் திண்டாட வைக்கும். ஒன்று, 'குட் ஸ்டாண்டிங்' சான்றிதழ். கம்பெனி உயிரோடு இருக்கிறது, பாக்கி எதுவும் இல்லை என்று அரசே எழுதித் தருவது பல நாடுகளில் வழக்கம். நம் கம்பெனி விவகார அமைச்சகத்தில் அந்தப் பெயரில் ஒரு சான்றிதழ் வழக்கத்தில் இல்லை. அமைச்சகத் தளத்தில் கம்பெனியின் நிலை 'ஆக்டிவ்' என்று காட்டும் பக்கத்தை அச்செடுத்து, கம்பெனி செக்ரட்டரி ஒருவரின் சான்றையும் சேர்த்துக் கொடுப்பார்கள். இன்னொன்று காமன் சீல், அதாவது கம்பெனியின் அதிகாரபூர்வ முத்திரை. 2015-ல் வந்த சட்டத் திருத்தம் அதை இந்தியக் கம்பெனிகளுக்குக் கட்டாயமில்லை என்று ஆக்கிவிட்டது. ஆனாலும் வெளிநாட்டு வங்கியின் படிவத்தில் அதற்கென ஒரு கட்டம் இருக்கும். சட்டத்தை மேற்கோள் காட்டி மூன்று மெயில் எழுதுவதைவிட, பாரிமுனையில் ஒரு சீல் செய்து வாங்கிவிடுவது சீக்கிரம் முடியும்.

இனி, பெயர். தமிழ்நாட்டுக்காரர்கள் மாட்டிக்கொள்கிற இடம் இதுதான்.

நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான் உண்டு. ஆதாரில் எஸ். முருகன். பான் கார்டு விண்ணப்பத்தில் இனிஷியலை விரித்து எழுதச் சொல்வார்கள், அதனால் அங்கே முருகன் சுப்பிரமணியன். பாஸ்போர்ட் எடுத்துத் தந்த ஏஜெண்ட் அப்பா பெயரை முன்னால் போட்டுவிட்டார், அங்கே சுப்பிரமணியன் முருகன். இன்னும் சிலருக்கு பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டமே காலி. கல்யாணத்துக்கு முன் அப்பா இனிஷியல், பின் கணவர் இனிஷியல் என்று மாற்றிக்கொண்ட பெண்களின் காகிதங்களில் இன்னும் ஒரு சுற்று அதிகம். ஒற்றைப் பெயர்க்காரர்களின் சங்கடம் ஏர்போர்ட்டிலேயே தொடங்கியதும் உண்டு. 2022 நவம்பரில் அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒரே பெயர் மட்டும் உள்ளவர்களுக்கு விசிட் விசாவில் அனுமதி இல்லை என்றது. பிறகு, இரண்டாவது பக்கத்தில் அப்பா பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் போதும் என்று விளக்கம் சொன்னது.

வங்கியின் கம்ப்யூட்டர் இந்த மூன்று பெயர்களையும் மூன்று ஆட்களாகத்தான் எடுத்துக்கொள்ளும். வங்கி அதிகாரி போனில் "மிஸ்டர் சுப்பிரமணியன்" என்று கூப்பிடும்போது, அப்பாவை ஏன் கேட்கிறார்கள் என்று நம் ஆள் விழிப்பார். முத்திரைத்தாளில் இவை எல்லாம் ஒரே நபரின் பெயர்கள்தான் என்று அபிடவிட் எழுதி நோட்டரியிடம் கையெழுத்து வாங்குவது பலரும் செய்வது. சில வங்கிகள் ஏற்கும், சில அதை ஓரமாக வைத்துவிட்டு மறுபடி கேட்கும். என் யோசனை, வேரிலேயே சரி செய்துவிடுங்கள். வெளிநாட்டு வங்கிக்கு நம் ஆதாரும் பானும் இரண்டாம் பட்சம், அவர்கள் பார்ப்பது பாஸ்போர்ட்டைத்தான். பாஸ்போர்ட்டில் என்ன இருக்கிறதோ அதே எழுத்து, அதே வரிசையில் பான், ஆதார், கம்பெனி இயக்குநர் பதிவு எல்லாவற்றையும் மாற்றிக்கொண்டு, அதற்குப் பிறகு கம்பெனி தொடங்குங்கள். முதலில் கம்பெனி, அப்புறம் பெயர்த் திருத்தம் என்று போனால் அங்கேயும் இங்கேயுமாகத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும்.

கையெழுத்தும் இதே கதைதான். பாஸ்போர்ட்டில் தமிழில் அழகாகக் கையெழுத்துப் போட்டவர், வங்கிப் படிவம் ஆங்கிலத்தில் இருக்கிறதே என்று ஆங்கிலத்தில் போட்டுவிடுவார். தமிழில் போடலாம், தாராளமாகப் போடலாம். எல்லா இடத்திலும் அதையே போட வேண்டும், அவ்வளவுதான்.

முகவரிச் சான்று என்றால் பொதுவாக மூன்று மாதத்துக்குள் வந்த கரண்ட் பில், போன் பில் அல்லது பேங்க் ஸ்டேட்மெண்ட். நம் ஈபி பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் வரும், ஆகவே கையில் இருப்பது சீக்கிரமே பழசாகிவிடும். வாடகை வீட்டில் இருப்பவருக்கு அது வீட்டுக்காரர் பெயரில் இருக்கும். பலருக்கு உதவுவது பேங்க் ஸ்டேட்மெண்டும் கிரெடிட் கார்டு ஸ்டேட்மெண்டும்தான். அதிலும் தியாகராய நகர் என்று ஓரிடத்தில், தி.நகர் என்று இன்னோரிடத்தில், திருவான்மியூர் ஆங்கிலத்தில் இரண்டு விதமான எழுத்தில். பின்கோடு சரியாக இருந்தால் சில அதிகாரிகள் விட்டுவிடுவார்கள். அதை நம்பி இறங்க வேண்டாம்.

விலாசம் என்ற சொல்லைப் பற்றி இங்கே ஒன்று சொல்லத் தோன்றுகிறது. நாம் அதை முகவரி என்ற பொருளில் சொல்கிறோம். நகரத்தார் வணிகத்தில் விலாசம் என்றால் தொழில் குடும்பத்தின் இனிஷியல் வரிசை, அதாவது கம்பெனியின் பெயர். ரங்கூனிலும் பினாங்கிலும் சிங்கப்பூர் மார்க்கெட் ஸ்ட்ரீட் கிட்டங்கிகளிலும் (தொழில் நடந்த கட்டடங்கள்) செட்டிநாட்டு முதலாளி நேரில் உட்கார்ந்திருக்கவில்லை. பவர் எழுதிக் கொடுத்து அனுப்பிய ஏஜெண்ட்தான் பெட்டியடியில் இருந்தார். சந்தையோ விலாசத்தைப் பார்த்தே வரவு செலவு செய்தது. அப்படி ஒரு விலாசமான எம்.சிடி.எம்.-ஐச் சேர்ந்த சிதம்பரம் செட்டியார்தான் 1937 பிப்ரவரி 10 அன்று இந்தியன் ஓவர்சீஸ் வங்கியை காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்று ஊர்களிலும் ஒரே நாளில் திறந்தார். இது யார் கம்பெனி என்று இன்று சிங்கப்பூர் வங்கி 20 பக்கத்தில் கேட்கும் கேள்விக்கு, அன்று மூன்று எழுத்து போதுமானதாக இருந்தது.

இன்று மூன்று எழுத்துக்குப் பதில் மூன்று முத்திரை. காகிதத்தை ஜெராக்ஸ் எடுத்து அனுப்பினால் போதாது, ட்ரூ காப்பி என்று ஒருவர் சான்றளிக்க வேண்டும். ஹைகோர்ட் எதிரே உள்ள நோட்டரி மேசைகளில் சீல் குத்துவது சில நிமிட வேலை. ஆனால் ஒரிஜினலைப் பார்த்தேன் என்ற வரி, நோட்டரியின் பெயர், பதிவு எண், தேதி ஆகியவை ஒவ்வொரு பக்கத்திலும் இருக்கின்றனவா என்று அங்கேயே நின்று பாருங்கள். தேதி விடுபட்ட ஒரே பக்கத்துக்காக எனக்கு ஒரு முழுக் கட்டும் திரும்பி வந்திருக்கிறது.

அதற்கு மேல் அப்போஸ்டில். 1961 ஹேக் ஒப்பந்தத்தின் கீழ், ஒரு நாடு ஒட்டும் ஒற்றை முத்திரையை மற்ற உறுப்பு நாடுகள் மறுபேச்சில்லாமல் ஏற்கும். இந்தியாவில் இது 2005 ஜூலை 14 முதல் நடப்பில் இருக்கிறது. சிங்கப்பூர் 2021 செப்டம்பர் 16-லிருந்துதான் இதற்குள் வந்தது. அதற்கு முந்தைய அனுபவத்தை வைத்து, தூதரகத்துக்கும் போகணும் சார் என்று சொல்லும் ஏஜெண்டுகள் இன்னும் இருக்கிறார்கள். அமீரகம் இந்த ஒப்பந்தத்தில் இல்லை. அதனால் துபாய்க்குப் போகும் காகிதம் நம் வெளியுறவு அமைச்சகம், அமீரகத் தூதரகம், அங்கே போனதும் அவர்களுடைய வெளியுறவு அமைச்சகம் என்று மூன்று வாசல் ஏறி இறங்கும். கம்பெனிக் காகிதங்களுக்கு முதல் சான்று வர்த்தக சபையிடம் வாங்குவது வழக்கம். வெளியுறவு அமைச்சகம் நேரடியாக நம்மிடம் வாங்காது, அது நியமித்த நிறுவனங்கள் வழியாகவே கொடுக்க வேண்டும். அப்போஸ்டிலுக்கு அரசுக் கட்டணம் ஒரு காகிதத்துக்கு 50 ரூபாய்தான், மேலே போவது சேவைக் கட்டணம். இன்னொன்று, பத்திரமாக இருக்கட்டும் என்று ஒரிஜினலை லேமினேட் செய்து வைத்திருப்பவர்கள் இந்த இடத்தில்தான் தலையில் கை வைப்பார்கள். பிளாஸ்டிக் மேல் முத்திரை நிற்காது.

கூட்டாண்மைப் பத்திரம் தமிழில் இருந்தால் சான்றளித்த ஆங்கில மொழிபெயர்ப்பும் வேண்டும். தனி முதலாளியாகத் தொழில் செய்பவருக்குக் கம்பெனிச் சான்றே கிடையாது. ஜிஎஸ்டி பதிவு, சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவு, ஏற்றுமதி இறக்குமதி எண் இவற்றைத்தான் தொழில் இருக்கிறது என்பதற்கு அடையாளமாகக் காட்ட வேண்டும்.

மூன்றாவது கேள்வி, பணம். இதில் இரண்டு தனித்தனிக் கேள்விகள் ஒளிந்திருக்கின்றன. இந்தக் கணக்கில் நீங்கள் முதலில் போடப்போகிற தொகை எங்கிருந்து வந்தது என்பது ஒன்று. நீங்கள் மொத்தத்தில் இவ்வளவு வசதியானது எப்படி என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு பேங்க் ஸ்டேட்மெண்ட் போதும். இரண்டாவதற்கு மூன்று வருட வருமான வரிக் கணக்கு, சொத்து விற்றிருந்தால் கிரயப் பத்திரம், அப்பா கொடுத்தது என்றால் செட்டில்மெண்ட் பத்திரம். இங்கேதான் நம் ஊர்ப் பழக்கங்கள் நம்மையே கடிக்கும். நிலம் விற்ற பணம் என்று சொல்வார், பத்திரத்தில் வழிகாட்டி மதிப்பு ஒரு தொகை, கையில் வந்தது இன்னொரு தொகை. சீட்டு எடுத்த பணம் என்பார், பதிவு செய்யாத சீட்டு, ஒரு நோட்டுப் புத்தகம் மட்டும்தான் அத்தாட்சி. நகையை வைத்த பணம் என்றால் பிரச்சினை இல்லை, வங்கியின் நகைக்கடன் ரசீது இருக்கிறது. அடகுக் கடையில் வைத்தது என்றால் திரும்பவும் விளக்க வேண்டும். காட்ட முடியாத பணத்தைக் காட்டுவதற்குக் குறுக்குவழி எதுவும் எனக்குத் தெரியாது, தெரிந்தவர்களிடம் போகவும் வேண்டாம்.

நான்காவது கேள்வி, எங்கள் ஊரில் உனக்கு என்ன வேலை. வாடிக்கையாளரின் ஆர்டர், இன்வாய்ஸ், ஒப்பந்தம், வெப்சைட், வருடத்துக்கு எவ்வளவு வரும், எந்த நாட்டிலிருந்து வரும் என்ற ஒரு பக்கக் குறிப்பு. 'பொது வணிகம்' என்று எழுதினால் சந்தேகம்தான் வளரும். பம்ப்புக்கான ஷாஃப்ட் கடைந்து இன்னின்ன வாடிக்கையாளருக்கு அனுப்புகிறோம் என்று எழுதினால் அதிகாரிக்கும் வேலை சுலபம். சிங்கப்பூரில் கம்பெனி நடத்த உள்ளூரில் குடியிருக்கும் இயக்குநர் ஒருவராவது வேண்டும் என்பது சட்டம். பலர் கட்டணம் கொடுத்து, பெயரளவில் மட்டும் பதவியில் இருக்கும் ஒரு நாமினி இயக்குநரை வைத்துக்கொள்கிறார்கள். 2025 ஜூன் 9 முதல் நடப்புக்கு வந்த புதிய சட்டப்படி, தொழிலாகவே நாமினி இயக்குநராக இருப்பவரை, பதிவு பெற்ற சேவை நிறுவனம்தான் தகுதி பார்த்து ஏற்பாடு செய்ய முடியும். வங்கியும் அவர் யார், அவருக்குப் பின்னால் யார் என்று கேட்கும்.

துபாயில் டிரேட் லைசென்ஸ், மெமோராண்டம் இவற்றோடு எமிரேட்ஸ் ஐடி, ரெசிடென்ஸ் விசா, அலுவலக வாடகை ஒப்பந்தத்தைப் பதிவு செய்த எஜாரி ஆகியவற்றுக்கு முக்கியத்துவம் அதிகம். அமெரிக்காவில் மாநிலத்தின் பதிவுச் சான்றும் வரித்துறை கம்பெனிக்குத் தரும் அடையாள எண்ணான இஐஎன்னும் முதல் தேவை. அந்த எண்ணுக்கு எஸ்எஸ்-4 படிவம், அதை அமெரிக்க சோஷியல் செக்யூரிட்டி எண் இல்லாதவரும் வாங்கலாம்.

இவ்வளவும் அந்தப் பக்கத்துக் கதை. நம் பக்கத்தில் ரிசர்வ் வங்கி இருக்கிறது, அதை மறந்துவிட்டுத்தான் பலர் ஓடுகிறார்கள். 2022 ஆகஸ்ட் 22 முதல் நடப்பில் உள்ள வெளிநாட்டு முதலீட்டு விதிகளின்படி, வெளிநாட்டுக் கம்பெனியில் பங்கு வாங்கப் பணம் அனுப்பும்போதே நம் வங்கி வழியாக எஃப்சி படிவம் கொடுத்து ஓர் எண் வாங்க வேண்டும். தனிநபர் என்றால் வருடத்துக்கு 2,50,000 அமெரிக்க டாலர் உச்சவரம்பு. 2025 ஏப்ரலிலிருந்து, இப்படி அனுப்பும் தொகை 10 லட்சம் ரூபாயைத் தாண்டினால் தாண்டிய பகுதிக்கு 20 சதவீதம் வரியாக முன்கூட்டியே பிடிப்பார்கள், அதை வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். சிங்கப்பூரில் ஒரு டாலர் மூலதனத்திலேயே கம்பெனி தொடங்கலாம். அந்த ஒரு டாலரை ஏஜெண்டே கட்டிவிடுவார், நம் ஆளும் படிவம் எதுவும் கொடுக்காமல் விட்டுவிடுவார். ஒரு வருடம் கழித்து ஆடிட்டர் கண்டுபிடிப்பார். தொகை ஒரு டாலர்தான், விதிமீறல் முழுசு.

கணக்குத் திறந்த பிறகு, டிசம்பர் 31-க்குள் அந்த வெளிநாட்டுக் கம்பெனியின் ஆண்டு அறிக்கை, ஜூலை 15-க்குள் இந்தியக் கம்பெனியின் வெளிநாட்டுச் சொத்துக் கணக்கு, இரண்டும் ரிசர்வ் வங்கிக்குப் போக வேண்டும். தனிநபரின் வரிக் கணக்கில் வெளிநாட்டுச் சொத்துக்கான தனிப் பட்டியல் உண்டு. சொந்தக் கணக்காக இல்லாமல் கையெழுத்திடும் அதிகாரம் மட்டும் இருந்தாலும் அதில் காட்ட வேண்டும். காட்டாமல் விட்டால் 2015-ன் கறுப்புப் பணச் சட்டத்தில் 10 லட்சம் ரூபாய் அபராதத்துக்கு இடம் இருக்கிறது. சிங்கப்பூரும் அமீரகமும் கணக்கு விவரங்களை இந்திய வரித்துறைக்குத் தாமாகவே அனுப்புகின்றன, ஆகவே தெரியாது என்று நினைக்க வேண்டாம்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, டாலரில் பணம் வாங்குவதற்குத்தானே இத்தனை பாடு என்று யோசிப்பவர்களுக்கு ஒன்று. சென்னையிலேயே உங்கள் வங்கியில் இஇஎஃப்சி கணக்குத் திறக்கலாம், ஏற்றுமதி வருமானத்தை அடுத்த மாத இறுதிவரை டாலராகவே வைத்துக்கொள்ளலாம். 2025 ஜனவரியில் ரிசர்வ் வங்கி செய்த திருத்தத்தின்படி, ஏற்றுமதியாளர் வெளிநாட்டில் கம்பெனி தொடங்காமலே அங்கே வெளிநாட்டு நாணயக் கணக்கும் வைத்துக்கொள்ளலாம், உரிய காலத்துக்குள் பணத்தை இங்கே கொண்டுவர வேண்டும். என்னிடம் கேட்டவர்களில் பாதிப் பேருக்கு இதுவே போதும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

அம்பத்தூர் நண்பருக்குப் போதவில்லை, அவருக்கு அங்கே கம்பெனியே வேண்டும். சொத்து வரி ரசீதில் புதிய எண், பழைய எண் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் அச்சாகியிருந்தன. அதை நோட்டரி சான்றோடு அனுப்பி, ஈபி இணைப்பைத் தன் பெயருக்கு மாற்றி, ஒரு பக்கக் கடிதத்தில் சென்னையின் கதவு எண் வரலாற்றைச் சுருக்கமாக எழுதினோம். நான்காவது மாதம் கணக்கு எண் வந்தது. வங்கிகள் வாடிக்கையாளர் விவரங்களை அவ்வப்போது புதுப்பிப்பது வழக்கம் என்பதால், போன மாதம் மறுபடி முகவரிச் சான்று கேட்டு மெயில் வந்திருக்கிறது. இதற்குள் அவர் முகப்பேரில் ஒரு அபார்ட்மெண்டுக்குக் குடிபோய்விட்டார். இந்த முறை கதவு எண் ஒன்றுதான். பிளாட் எண்தான், பில்டர் பத்திரத்தில் எஃப்-2, ஈபி மீட்டரில் 6.